புகைமலை அடிவாரத்தில் ஒரு சீட்டாட்டப் போட்டி

சீட்டாட்டம் என்ற சொல்லைக் கேட்டவுடனேயே முகஞ் சுளிக்கும் பெரியோர் நம்மிடையே பலர் உளர். படிக்கின்ற பிள்ளையின் கையிலே சீட்டுக் கட்டைக் கண்டுவிட்டால் வீடே இரண்டுபடும். ஆயினும், அதே வீட்டு முற்றத்திலே, விடுமுறைக் காலத்து மாலைப் பொழுதுகளில், மாமர நிழலிற் பாய் விரித்து நால்வர் அமர்ந்து 'முந்நூற்று நாலு' ஆடிய காட்சியை நம்மில் யார்தான் மறந்திருப்போம்? எதிரெதிரே இருப்போர் ஒரு சோடி. முதல் நான்கு சீட்டைப் பார்த்துக் கேள்வி கேட்பதும், துரும்பைக் கவிழ்த்து வைப்பதும், சோடிக்காரர் தவறான சீட்டை இறக்கிவிட்டால் ஊர் கேட்கச் சண்டை பிடிப்பதும், ஈற்றிலே தோற்றவர்கள் "எங்களுக்குச் சீட்டு வரவில்லை" என்று விதியின்மேற் பழி போட்டு எழுந்து போவதும் நமக்கு நன்கு பழகிய காட்சிகள்.

அவ்வாறு விதியின்மேற் பழி போடுவதற்கு இடமே இல்லாத ஒரு சீட்டாட்ட மண்டபத்தை நாம் 2019ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திற் கண்டோம். ஐக்கிய அமெரிக்காவின் ரெனசி மாநிலத்திலே, பெரும் புகைமலையின் அடிவாரத்திலுள்ள கற்லின்பேர்க் என்னும் சிற்றூரில் அம்மண்டபம் இருக்கிறது. அங்கே ஆண்டுதோறும் இளவேனிற் காலத்தில் நடைபெற்று வந்த பிறிட்ஜ் போட்டி, வட அமெரிக்காவின் பிராந்தியப் போட்டிகளிலே மிகப் பெரியது எனப் பெயர் பெற்றது. அற்லாண்டா நகரில் நெடுங்காலமாக வாழும் எமது தமக்கையாரும் அத்தானும் அதில் ஒரு சோடியாகக் கலந்துகொள்ளச் சென்றனர். "மலையையும் பார்க்கலாம், எங்கள் ஆட்டத்தையும் பார்க்கலாம், வா தம்பி" என்று அக்கா அழைத்தார். நாமும் உடன் புறப்பட்டோம்.

மலைப் பாதை

அற்லாண்டாவிலிருந்து கற்லின்பேர்க் ஏறக்குறைய 200 மைல். ஜோர்ஜியாவைக் கடந்து, வட கரோலைனாவின் மேற்கு மலைகளுக்குள் நுழைந்து, 441ஆம் இலக்க நெடுஞ்சாலை வழியே செரோக்கி என்னும் ஊரை அடைந்தோம். தெருப் பலகைகளில் ஆங்கில எழுத்தோடு வேறோர் எழுத்தும் காணப்பட்டது. அது செரோக்கி மக்களின் எழுத்து. இம்மலைகளெல்லாம் ஒரு காலத்தில் அவர்களுடைய நிலம். 1838ஆம் ஆண்டில் அமெரிக்கப் படையினர் அவர்களைத் திரட்டி மேற்கு நோக்கித் துரத்தினர். வழியிலே பல்லாயிரவர் மாண்டனர். 'கண்ணீர்ப் பாதை' என்று வரலாறு கூறும் கொடுமை அதுவே. மலைகளிலே தங்கிவிட்ட சிலரின் வழித்தோன்றல்கள் இன்றும் அவ்வூரில் வாழ்கின்றனர்.

ஊரைக் கடந்ததும் தேசிய வனம் தொடங்குகிறது. ஆண்டுக்கு ஒரு கோடிக்கு மேற்பட்ட வருகைகளைப் பெறும் இவ்வனம், அமெரிக்கத் தேசிய வனங்களுள் மிகுதியான மக்கள் வந்து போவது. ஆயினும் வாயிலிலே நுழைவுக் கட்டணம் இல்லை. பாதை வளைந்து வளைந்து மேலேறுகிறது. நுவரெலியாவுக்கு ஏறுகையிற் காதடைப்பது போல இங்கும் அடைத்தது. தேயிலைக்குப் பதிலாக இருபுறமும் அடர்ந்த காடு. ஏப்ரில் மாதமாதலால் டொக்வுட் மரங்கள் இலை விடுமுன்னரே வெள்ளைப் பூச் சொரிந்து நின்றன. தூரத்து மலை வரிசைகள் ஒன்றன் பின் ஒன்றாக நீலப் புகையில் மிதந்தன. அது தீயிலிருந்து எழுந்த புகையன்று. காட்டு மரங்கள் வெளியிடும் ஆவிகள் காற்றிற் கலந்து உண்டாக்கும் நீல மங்கலே 'புகைமலை' என்ற பெயருக்குக் காரணம்.

5046 அடி உயரத்தில் நியூபவுண்ட் கணவாய். அங்கே ஒரு காலை வட கரோலைனாவிலும் மறு காலை ரெனசியிலும் வைத்து நிற்கலாம். அக்கணவாயிலுள்ள கல் மேடையில் நின்றுதான் 1940ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி சனாதிபதி றூஸ்வெல்ற் இவ்வனத்தை நாட்டு மக்களுக்கு அர்ப்பணித்தார். அருகிலுள்ள 6643 அடி உயரச் சிகரம் நாம் சென்றபோது கிளிங்மன்ஸ் டோம் என்று வழங்கியது. 2024ஆம் ஆண்டிலே அதன் பழைய செரோக்கிப் பெயரான 'குவோஹி' மீண்டும் சூட்டப்பட்டது.

தீ கண்ட ஊர்

கணவாயிலிருந்து இறங்கினால் கற்லின்பேர்க். நாலாயிரம் பேர்கூட நிலையாக வாழாத ஊர். ஆயினும் அதன் ஒற்றைப் பெருந்தெரு நமது திருவிழா வீதிபோல எந்நேரமும் கலகலப்பாக இருக்கிறது. மிட்டாய்க் கடைகளின் கண்ணாடிக்குப் பின்னே இயந்திரக் கைகள் சீனிப்பாகை இழுத்து இழுத்து மடிக்கின்றன. பிள்ளைகள் கண்ணாடியோடு மூக்கை ஒட்டிக்கொண்டு பார்த்து நிற்கின்றனர். 1954ஆம் ஆண்டு முதல் மலையுச்சிக்கு ஆட்களை ஏற்றிச் செல்லும் தொங்கு கதிரைகள் தலைக்கு மேலே அசைந்து போகின்றன. தெருவுக்குப் பின்னால், உருண்ட பாறைகளுக்கிடையே, லிற்றில் பிஜன் ஆற்றின் மேற்குக் கிளை சலசலத்து ஓடுகிறது.

இக்களிப்புக்கு நடுவிலும் சுற்றிலுமுள்ள குன்றுகளை உற்றுப் பார்த்தால் கரிந்து நிற்கும் மரங்களும், வீடில்லாமல் எஞ்சிய கற்படிகளும் அப்போது கண்ணிற் பட்டன. 2016ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் திகதி இரவு, மலையிலே பற்றிய காட்டுத் தீ பெருங்காற்றில் ஊருக்குள் இறங்கிற்று. 14 பேர் உயிரிழந்தனர். இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கட்டடங்கள் சேதமுற்றன. நாம் தங்கிய விடுதியின் முதிய பணியாளர் அந்த இரவைப் பற்றிக் கூறும்போது இடையிடையே பேச்சை நிறுத்தி மலையைப் பார்த்தார். "அடுத்த ஏப்ரிலில் பிறிட்ஜ்காரர்கள் வந்து இறங்கியபோதுதான் ஊர் பிழைத்துவிட்டது என்று நம்பினோம்" என்றார்.

பொன்வேட்டை

மறுநாட் காலை மண்டபத்துக்குச் சென்றோம். விளையாட்டரங்கு போன்ற பெரிய கூடம். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சதுர மேசைகள். ஒவ்வொன்றையும் சூழ நான்கு கதிரைகள். பெரும்பாலோர் நரைத்த தலையினர். சிலர் ஊன்றுகோலோடும் சிலர் சக்கர நாற்காலியிலும் வந்திருந்தனர். நூற்றுக்கணக்கானோர் பேசிய பேச்சு, நேரம் வந்ததும் ஒரே கணத்தில் அடங்கியது. அதன் பின்னர் சீட்டுக்கள் மேசையைத் தொடும் ஓசையன்றி வேறொன்றும் கேட்கவில்லை.

இப்போட்டியிலே வல்லுநருக்கும் புதியவருக்கும் இடைப்பட்டோருக்கெனத் தனியான பந்தயம் உண்டு. அதற்கு 'கோல்ட் றஷ்', அதாவது பொன்வேட்டை, என்று பெயர். பெயரைக் கண்டு ஐயுற வேண்டாம். அங்கே பணம் வைத்து ஆடுவதில்லை. 1937இல் அமைந்த அமெரிக்க கொன்றாக்ட் பிறிட்ஜ் சங்கம் வெற்றி பெறுவோருக்கு மாஸ்டர் புள்ளிகளை வழங்குகிறது. கழகங்களிற் கிடைப்பது கறுப்புப் புள்ளி. பெரிய போட்டிகளிற் கிடைப்பவை வெள்ளி, சிவப்பு, பொன் என நிறம் பெறும். 2010ஆம் ஆண்டுக்குப் பின் சேர்ந்தவர்கள் 'லைவ் மாஸ்டர்' என்னும் பட்டத்தை அடைய 500 புள்ளிகள் வேண்டும். அவற்றுள் 50 ஆயினும் பொன்னிறமாக இருத்தல் வேண்டும். 750 புள்ளிக்கு உட்பட்டவர்கள் தம்மை ஒத்தவர்களுடன் மோதி அப்பொன்னைத் தேடும் களமே பொன்வேட்டை.

அக்கா ஓய்வு பெற்ற பின்னர் இவ்வாட்டத்தைப் பயின்றவர். அவரிடம் 500க்கு மேல் இருந்தது. பொன்புள்ளியில் மட்டும் ஒன்றரை குறைவு. அத்தானுக்கோ பட்டத்திற் பெரிய நாட்டமில்லை. "உமக்கு அந்த ஒன்றரையை வாங்கித் தந்துவிட்டு நான் தூண்டில் போடப் போறன்" என்று காலைக் கோப்பியின்போது கூறிச் சிரித்தார்.

விதிக்கு வேலையில்லை

முந்நூற்று நாலு ஆடத் தெரிந்தவருக்குப் பிறிட்ஜின் அடிப்படையை விளக்குதல் எளிது. 32 சீட்டுக்குப் பதிலாக 52. ஆளுக்கு 13. நமது ஆட்டத்திற் குலாம் பெரியவன்; இங்கே ஆசு பெரியது. கேள்வி கேட்பதும், துரும்பால் வெட்டுவதும், பிடி எடுப்பதும் இரண்டிலும் உண்டு. கேள்வியில் வென்றவருடைய சோடிக்காரர் தம் சீட்டுக்களை மேசைமேல் விரித்துவிட்டுப் பேசாதிருக்க, மற்றவர் இரண்டு கையையும் தாமே ஆடுவதுதான் புதுமை.

ஒருவர் கையிலே 13 சீட்டுக்கள் அமையக்கூடிய வகைகள் 63,501 கோடியே 35 இலட்சத்து 59 ஆயிரத்து 600. இத்தனை வகையுள் எது வரும் என்பது முழுக்க அதிட்டந்தானே என்று நாம் கேட்டோம். அத்தான் மேசைமேற் கிடந்த ஒரு தட்டையான பெட்டியைக் காட்டினார். அதன் நான்கு பக்கமும் சீட்டுச் செருகும் பைகள். ஆட்டம் முடிந்தபின் சீட்டுக்களைக் கலைப்பதில்லை. அவரவர் சீட்டு அவரவர் பைக்குள்ளே போகிறது. பெட்டி அடுத்த மேசைக்குச் செல்ல, அங்கே அதே சீட்டுக்களை வேறு நால்வர் ஆடுகின்றனர். 1857ஆம் ஆண்டு இலண்டனிலே, கேவண்டிஷ் என்ற புனைபெயர் கொண்ட ஹென்றி ஜோன்ஸ் என்னும் மருத்துவர், விஸ்ற் ஆட்டத்தில் வெல்வது திறமையா அதிட்டமா என்று சோதிக்க இவ்வாறு ஒரே சீட்டுக்களை இருமுறை ஆடச் செய்தார். சோடிகள் ஒருபுறமும் பெட்டிகள் மறுபுறமும் மேசை மாறிச் செல்லும் ஒழுங்கை ஜோன் மிற்செல் என்பவர் 1891இல் நூலாக வெளியிட்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் கொன்றாக்ட் பிறிட்ஜின் புள்ளி முறையோ ஒரு கப்பலிற் பிறந்தது. 1925ஆம் ஆண்டு பனாமாக் கால்வாய் வழியே சென்ற 'பின்லாந்து' என்னும் கப்பலில் ஹரோல்ட் வண்டர்பில்ற் என்ற செல்வந்தர் அதனை வகுத்தார்.

எமது பிரிவிலே 13 மேசைகள். மேசைக்கு இரண்டாக 26 ஆட்டங்கள். அத்தானுக்கு முழங்கால் வலி இருந்தமையால் அவர்களுக்கு நகராத வடதென் இருக்கை கிடைத்தது. ஒரே சீட்டுக்களை வைத்து வடதென் சோடிகள் 13உம் என்ன செய்தன என்று ஒப்பிட்டு, வென்ற ஒவ்வொரு சோடிக்கும் 1, சமமாயின் அரை எனப் புள்ளி இடப்படுகிறது. ஆகவே ஓர் ஆட்டத்திற் கூடியது 12. எல்லாருக்கும் அதே சீட்டாதலின் "எங்களுக்குச் சீட்டு வரவில்லை" என்று கூற ஒருவருக்கும் வாய் இல்லை.

பதினைந்து சொற்கள்

அப்படியாயின் இவ்வாட்டத்தில் எஞ்சுவது என்ன? எதிரே இருக்கும் ஒரு மனிதர் மட்டுமே. அவரோடு பேசுவதற்கு 15 சொற்களே அனுமதிக்கப்பட்டுள்ளன. ஒன்று முதல் ஏழு வரையுள்ள எண்கள், ஸ்பேட்டு, ஆட்டின், டைமன், கிளாவர் என்னும் நான்கு சாதிகள், துரும்பின்மை, விடுதல், இரட்டித்தல், மீள இரட்டித்தல் என்பனவே அவை. அவற்றையும் வாயாற் கூறுவதில்லை. குரலின் ஏற்ற இறக்கம் செய்தியாகிவிடக் கூடாதென்று, மேசையோரத்துச் சிறு பெட்டியிலிருந்து எழுத்துப் பொறித்த அட்டையை எடுத்து வைக்கின்றனர். இன்ன கேள்விக்கு இன்ன பொருள் என்று சோடிகள் முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம்; ஆனால் அந்த ஒப்பந்தம் எதிராளிக்கும் தெரிந்திருத்தல் வேண்டும். இரகசியம் கூடாது.

கணவனும் மனைவியும் சோடியாக ஆடுதல் ஆபத்து என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. 1929ஆம் ஆண்டு கன்சாஸ் சிற்றி நகரில் ஜோன் பெனற் என்பவர், பிறிட்ஜ் மேசையில் மூண்ட சண்டையின் முடிவிலே மனைவியின் துப்பாக்கிக்கு இரையானார். வழக்கு 1931இல் விசாரிக்கப்பட்டு அம்மாது விடுதலையானார். இதை அத்தான் கூறியபோது அக்கா, "அந்த மனிதர் எப்படிக் கேள்வி கேட்டவரோ, யார் கண்டது?" என்றார். இக்காலத்தில், சோடிக்காரரை மேசையில் வைத்துக் கடிந்து பேசினாலும் நடுவர் புள்ளியைக் குறைப்பார். முற்றத்து முந்நூற்று நாலுக்கும் அப்படியொரு சட்டம் இருந்திருப்பின் எத்தனை உறவுகள் தப்பியிருக்குமோ!

மேசை நாகரிகம் இத்துணை சிறந்த இவ்வாட்டத்தின் வாயில் எல்லாருக்கும் திறந்திருக்கவில்லை என்பதையும் மாணவர்கள் அறிதல் நன்று. கறுப்பின மக்களை நெடுங்காலம் சங்கம் ஏற்கவில்லை. அவர்கள் 1932இல் அமெரிக்கன் பிறிட்ஜ் அசோசியேசன் என்னும் தமது சங்கத்தைத் தாமே அமைத்துக்கொண்டனர். 1967இலேதான் பெரிய சங்கத்தின் தடை முற்றாக நீங்கியது. நாம் சென்ற மண்டபத்திலே பல நிறத்தவரும் ஒரே மேசையில் இருந்தனர். அது தானாக வந்த காட்சியன்று.

இருபத்திரண்டாம் ஆட்டம்

பார்வையாளர் ஒரு சோடிக்காரரின் கையை மட்டும் பார்க்கலாம். பேசவோ முகங் காட்டவோ கூடாது. நாம் அக்காவுக்குப் பின்னாற் கதிரையிட்டு அமர்ந்தோம். காலை வேளை நன்றாகவே போயிற்று. பிற்பகலில் 21 ஆட்டங்கள் முடிந்தபோது அக்காவின் கழுத்திலே ஒரு நிமிர்வைக் கண்டோம். கணக்கு அவர் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது போலும்.

இருபத்திரண்டாவது பெட்டி. ஆசுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, குலாமுக்கு 1 என்று எண்ணுவது பிறிட்ஜ் வழக்கம். கட்டு முழுவதிலும் 40. அக்காவின் கையில் 15உம் ஐந்து ஸ்பேட்டும் இருந்தன. 'ஒரு ஸ்பேட்டு' என்று கேட்டார். எதிராளி விட்டார். அத்தானின் முறை.

அத்தான் அட்டைப் பெட்டியில் விரலை வைத்தார். எடுத்தார். மீண்டும் வைத்தார். மண்டபத்துக் கடிகாரத்தின் எண்கள் குறைந்துகொண்டே போயின. அரை நிமிடம் இருக்கும். அந்த அமைதியிலே அது நீண்ட நேரமாகத் தோன்றிற்று. ஈற்றில் 'இரண்டு ஸ்பேட்டு' என்ற அட்டையை வைத்தார். 'உமது ஸ்பேட்டை ஒப்புகிறேன், ஆனால் என் கை மெலிந்தது' என்பது அதன் பொருள்.

எதிராளி விட்டார். அக்கா தம் சீட்டுக்களை நோக்கினார். அத்தானிடம் ஒரு சிறிது கூடுதலாக இருந்தால் நான்கு ஸ்பேட்டுக்குப் போகலாம். அதற்கு வெகுமதிப் புள்ளி பெரிது. இல்லையாயின் இரண்டே போதும். 15 புள்ளி இருக்கும் கைக்கு ஒருபடி ஏற்றி வினாவினாலும் பிழையில்லை, விட்டாலும் பிழையில்லை. மெலிந்த கையினர் அரை நிமிடம் யோசிப்பரோ? ஏதோ இருப்பதனாலன்றோ யோசித்தார்? இது பின்னிருந்த எமக்கே தெரிந்தது. முன்னிருந்த அக்காவுக்குத் தெரியாதா?

அக்கா பச்சை அட்டையை எடுத்து வைத்தார். விட்டுவிட்டார்.

அத்தான் கை விரிந்தது. அதில் 10 புள்ளிகளும் நான்கு ஸ்பேட்டும் இருந்தன. அக்கா பத்துப் பிடி எடுத்தார். நான்கு ஸ்பேட்டுக் கேட்டிருந்தால் 420. இரண்டு கேட்டு அத்தனை பிடி எடுத்ததற்கு 170. எதிராளிகள் இருவரும் ஒன்றும் கூறாது அடுத்த பெட்டியை எடுத்தனர். அத்தான் குனிந்து தம் சீட்டுக்களைச் செருகினார்.

மாலையில் முடிவுத் தாள் சுவரில் ஒட்டப்பட்டது. அந்த ஆட்டத்திலே 10 சோடிகள் நான்கு ஸ்பேட்டை எட்டியிருந்தன. அக்காவுக்குக் கிடைத்தது 12க்கு 1. மற்றவர்களைப் போலக் கேட்டிருந்தால் 7. இரு வேளைகளின் கூட்டுத் தொகையிலே, பொன்புள்ளி கிடைக்கும் கடைசி இடத்துக்கு அவர்களுக்கு 3 புள்ளி குறைந்திருந்தது. சிவப்புப் புள்ளி சிறிது கிடைத்தது. அக்கா தாளை ஒருமுறை வாசித்தார். மறுமுறை வாசிக்கவில்லை.

ஆற்றங்கரையில்

இரவு விடுதியின் பின்புறம், ஆற்றை நோக்கிய கதிரைகளில் அமர்ந்திருந்தோம். எமக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, அத்தான் அவ்வளவு நேரம் யோசித்தவரே. கையில் இருக்கிறது என்று உங்களுக்கு விளங்கவில்லையா?" என்று கேட்டுவிட்டோம்.

"விளங்கினபடியால்தான் விட்டனான், தம்பி" என்றார் அக்கா. "அவர் யோசிச்சது எனக்குக் கேட்டுப்போச்சு. கேட்ட பிறகு நான் கேட்கக் கூடாது."

அவ்வாட்டத்தின் சட்டம் அது என்று பின்னர் விளக்கினார். சோடிக்காரர் வைத்த அட்டை மட்டுமே செய்தி. அவருடைய பெருமூச்சும், தயக்கமும், விரலின் நடுக்கமும் செய்தியல்ல. அவை கண்ணிற் பட்டுவிட்டால், இரண்டு நியாயமான வழிகளுள் அத்தயக்கம் சுட்டிக்காட்டும் வழியை விடுத்து மற்ற வழியையே எடுத்தல் வேண்டும். மீறினால் எதிராளி நடுவரை அழைக்கலாம். அழையாதும் இருக்கலாம். அன்று அவர்கள் அழைத்திருப்பார்களா என்று கேட்டோம். "அவர்கள் இரண்டு பேரும் எங்களைவிடப் புதுசு. அவர்களுக்கு அந்தச் சட்டம் தெரிஞ்சிருக்காது" என்று அக்கா சொன்னார்.

அதுவரை ஆற்றையே பார்த்திருந்த அத்தான் வாய் திறந்தார்.

"நான் சீட்டை எண்ணி யோசிக்கேல்லை, தம்பி. இப்பிடிக் கைக்கு மூன்று டைமன் வைக்கிறதெண்டு நாங்கள் இரண்டு பேரும் பேசி வைச்சது. எத்தனையோ தரம் வைச்சிருக்கிறன். இண்டைக்கு அந்த அட்டையைப் பார்க்கிறன், அதுக்கு என்ன பொருள் எண்டு வரேல்லை. ஒண்டுமே வரேல்லை. அதுதான் இரண்டை வைச்சிட்டன்."

ஆற்றின் ஓசை மட்டும் கேட்டது. அக்கா உடனே ஒன்றும் கூறவில்லை. இச்செய்தி அவருக்குப் புதிதன்று என்பதை அப்போது உணர்ந்தோம். வரும் வழியில் அத்தான் இருமுறை வண்டித் திறப்பைத் தேடியதும், அக்கா கேலி செய்யாது எடுத்துக் கொடுத்ததும் எம் நினைவுக்கு வந்தன.

"அந்த மூன்று டைமனை நாளைக்கு விட்டுவிடுவம்" என்றார் அக்கா. "பழைய முறையிலேயே கேட்பம். அது உங்களுக்கு மறக்காது."

"உமக்குப் பொன் வேணுமே."

"அடுத்த வருஷமும் ஏப்ரில் வரும்தானே."

பின்னர்

ஏப்ரில் வந்தது. ஆனால் 2020ஆம் ஆண்டு கொள்ளைநோய் உலகைப் பூட்டியது. மேசையைச் சுற்றி நால்வர் கூடுவதே ஆபத்தாயிற்று. கற்லின்பேர்க் மண்டபத்திலும் அவ்வாண்டு போட்டி நடைபெறவில்லை. பிறிட்ஜ் ஆடுவோர் பலர் கணினித் திரைக்கு மாறினர். அத்தானுக்குத் திரை ஒத்துவரவில்லை. அடுத்த ஆண்டிலே மருத்துவர் அவருடைய மறதிக்கு ஒரு பெயர் சொன்னார். வேறொரு சோடியுடன் சேர்ந்து ஆடுமாறு கழக நண்பர்கள் அக்காவை அழைத்தனர். ஒன்றரைப் பொன்புள்ளி வல்ல சோடிக்காரருடன் ஒரே நாளிற் கிடைத்துவிடும் என்றனர். அக்கா போகவில்லை. ஏன் என்று நாம் கேட்கவுமில்லை.

பிள்ளைகள் சீட்டாடுவதைக் கண்டு அஞ்சும் பெற்றோருக்கு ஒன்று கூறுவோம். 2018ஆம் ஆண்டு ஜக்கார்த்தா ஆசிய விளையாட்டு விழாவிலே பிறிட்ஜும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. ஆண்கள் சோடிப் பந்தயத்தில் இந்தியாவுக்குத் தங்கம் பெற்றுக் கொடுத்த பிரணாப் பர்தனுக்கு வயது 60. அவருடைய சோடியான சிப்நாத் சர்க்காருக்கு 56. பணம் வையாது ஆடினால் அது எண்ணவும், நினைவில் வைக்கவும், வாயை அடக்கவும் கற்பிக்கின்ற ஆட்டம். காணாதவர் முன்னும் நேர்மையாக இருக்கக் கற்பிப்பதும் அதுவே. புகைமலை அடிவாரத்திலே நாம் கண்டது அதைத்தான்.

சென்ற முறை அற்லாண்டாவுக்குச் சென்றிருந்தபோது, இராச் சாப்பாட்டின் பின்னர் மகள் ஒரு சீட்டுக் கட்டைக் கொண்டுவந்து, இரண்டு முதல் ஆறு வரையுள்ள சீட்டுக்களை நீக்கி வைத்தாள். முந்நூற்று நாலு. அக்காவும் அத்தானும் ஒரு சோடி. நாமும் மருமகளும் மறு சோடி. அன்று காலை எமது பெயரை இருமுறை கேட்ட அத்தான், குலாம் முப்பது, ஒன்பது இருபது என்று ஒரு புள்ளி பிசகாது எண்ணினார். இளமையிலே கற்றது அப்படியே இருந்தது.

ஈற்றுப் பிடிக்கு முந்திய பிடியில் அத்தான் தாமதித்தார். இரண்டு சீட்டுக்களையும் மாறி மாறிப் பார்த்தார். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அக்கா கையை உயர்த்தி அவளை அடக்கினார். அவர் அத்தானின் முகத்தைப் பார்க்கவில்லை. தம் கையிலிருந்த சீட்டுக்களையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார்.

அத்தான் துரும்பால் வெட்டினார்.